எட்டாம் வகுப்புக் கண்காட்சி: அரண்மனை வேண்டாம், நெசவாளர் வீடு

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

நாணல், களிமண், பஞ்சு என்று உங்கள் பிள்ளைகள் சில நாட்களாகக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாம் வரலாற்றுக் கண்காட்சிக்குத்தான். தென் அமெரிக்காவில், பெரு நாட்டின் வடகரையில் இருக்கும் சான் சான் நகரத்தின் மாதிரியைச் செய்கிறோம். 1470 வாக்கில் ஆண்டிஸ் மலைப் பேரரசினரான இன்காக்கள் பிடிக்கும்வரை சிமு அரசின் தலைநகராக இருந்த ஊர், 1986இலிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கிறது.

இணையத்தில் தேடினால் உயரமான மண்சுவர்களும் அவற்றில் செதுக்கிய மீன்களும் பறவைகளும்தான் வரும். அது அரசர்களின் வளாகம். ஊரில் பெரும்பாலானவர்கள் அந்தச் சுவர்களுக்கு வெளியேதான் வாழ்ந்தார்கள், நாணல் தட்டியில் மண் பூசிய சுவரோடு ஒன்றையொன்று ஒட்டிய சின்னச் சின்ன அறைகளில். எங்களுக்கு வேண்டியது அந்த வீடுதான். ஏனென்றால் அங்கே வீடும் பட்டறையும் ஒன்று: ஒரு பக்கம் அடுப்பு எரியும், பக்கத்திலேயே ஒருவர் செம்பைத் தட்டித் தகடாக்குவார், இன்னொருவர் தக்ளியில் நூல் நூற்பார், தறியின் பட்டையை இடுப்பில் கட்டி இழுத்துப்பிடித்து நெய்வதும் அங்கேயே, இதற்கு நடுவில் கினிப்பன்றி வளர்ப்பும் உண்டு. பருத்தி கரையோரத்திலேயே விளைந்தது, அல்பாக்கா என்ற மலைவிலங்கின் கம்பளி மட்டும் மலையிலிருந்து, லாமா என்ற சுமை விலங்குகளின் முதுகில் வந்தது. மழையே அபூர்வமான பாலைநிலம் என்பதால் குடிக்கக் கிணறு, பயிருக்கு வாய்க்கால்.

இன்காக்கள் வென்றபிறகு இந்த ஊரின் கொல்லர்களைத் தங்கள் தலைநகரான குஸ்கோவுக்குக் கொண்டுபோனார்கள். தங்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போகாமல் அதைச் செய்யத் தெரிந்தவர்களையும் ஏன் கூட்டிப்போனார்கள் என்று வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டபோது, பாடப்புத்தகத்தை மூடிவைத்துவிட்டு அன்று முழுவதும் அதைத்தான் பேசினோம். இந்த மாதிரிக் கேள்விகள் வர வேண்டும் என்றுதான் அரண்மனையை விட்டுவிட்டோம்.

அப்புறம் உங்களிடம் கேட்க வேண்டியவை. கடையில் விற்கும் தெர்மாகோல் மாதிரிகளை வாங்கித் தராதீர்கள், நீங்களே ராத்திரி உட்கார்ந்து செய்தும் தராதீர்கள், சுவர் கோணலாக இருந்தால் இருக்கட்டும். உங்களில் நெசவு, கொல்லுவேலை, மண்சுவர் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு மணிநேரம் பள்ளிக்கு வந்து பிள்ளைகளுக்குச் செய்து காட்டுங்கள். எந்த நாள் வசதி என்று வகுப்பாசிரியரிடம் சொன்னால் போதும், பாடவேளையை நாங்கள் மாற்றிக்கொள்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்