பழைய பயம் அழிவதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

விஆர் ஹெட்செட் (கண்முன் நிஜம்போலவே காட்சி காட்டும் தலைக்கருவி) மாட்டி, பயந்த காட்சியையே திரும்பக் காட்டி மனநல சிகிச்சை தருவது பற்றிய சென்ற வாரக் கட்டுரை, கெட்ட நினைவையே அழித்துவிடலாம் என்ற தொனியில் இருந்தது. அழிக்க முடியாது. விபத்தின் நினைவு அப்படியே இருக்கும். அதன் பக்கத்தில் ‘இங்கே ஆபத்தில்லை’ என்று புதிதாக ஒன்று பதியும், அவ்வளவுதான். எந்த நேரத்தில் எது தலைதூக்கும் என்பது சூழலைப் பொறுத்தது.

தொப்பூர் கணவாயில் லாரி மோதித் தப்பித்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். பட்டப்பகலில் காலிச் சாலையில் இறங்குகிற காட்சியையே பத்து முறை காட்டினால் பகல் பயம் தணியும். ராத்திரி மழையில் ஒரு டாரஸ் லாரி பின்னால் புஸ்ஸென்று ஏர்பிரேக் விட்டால் பழையது முழுசாகத் திரும்பிவிடும். ஆகவே பகல், இரவு, மழை, ஓட்டுநர் இருக்கை, பஸ் ஜன்னலோரம் என்று காட்சியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். படத்துக்குச் செலவழிப்பதில் பாதியாவது சத்தத்துக்குச் செலவழிக்கலாம் என்பது என் கட்சி.

ஒவ்வொரு கட்டத்திலும் பயம் 0 முதல் 100-க்குள் எவ்வளவு என்று கேட்டுக் குறிக்க வேண்டும். 80-ல் நிற்கும்போது பரிதாபப்பட்டு ஹெட்செட்டைக் கழற்றினால், ‘கழற்றியதால்தான் பிழைத்தேன்’ என்றே மனசு பாடம் படித்துக்கொள்ளும். அதனால்தான் லேசான காட்சியில் தொடங்குவது.

ஆராய்ச்சிக்கு வாய்க் கணக்கு மட்டும் போதாது. பயந்தால் விரல் வியர்க்கும் என்பதால் அந்த வியர்வையையும் அளப்பார்கள். கன்ட்ரோலர் (காட்சியை இயக்கும் கைக்கருவி) பிடிக்காத கையின் ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் மின்முனை ஒட்டுவது வழக்கம். காட்சி வந்து 1 முதல் 3 விநாடி கழித்தே அளவு ஏறும். காட்சிக்கும் பதிவுக்கும் ஒரே கடிகாரம் இல்லையென்றால் சாலையின் எந்த வளைவுக்குப் பயந்தார் என்றே தெரியாது. சித்திரை வெயிலில் நடந்து வந்தவரை உடனே உட்காரவைத்து அளந்தால் வெயிலைத்தான் அளக்கிறோம். புதுப் பதிவு மனசில் நிற்கிறதா என்று பார்க்கும் நினைவுச் சோதனையையும் அன்றைக்கே முடித்துவிடக் கூடாது, ஓர் இரவு தூங்கி எழுந்த பிறகும் வைக்க வேண்டும்.

மலைப்பாதைக் காட்சியில் இன்னொரு சிக்கல். கண்ணுக்கு வளைவு ஓடுகிறது, நாற்காலியில் உடம்பு அசையவில்லை, குமட்டும். தலை திரும்பிப் படம் திரும்ப 20 மில்லி விநாடிக்கு மேல் ஆனாலோ, லென்ஸ் இடைவெளியை அவரவர் கண்மணிகளின் இடைவெளிக்கு (சராசரி 63 மி.மீ.) வைக்காவிட்டாலோ இன்னும் மோசம். குமட்டலுக்கும் வியர்க்கும், கருவி அதையும் பயம் என்றே காட்டும். வலிப்பு நோய் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிட வேண்டும்.

இந்தச் சிகிச்சை நேற்று வந்த சங்கதியும் அல்ல. அமெரிக்காவில் உளவியலாளர் பார்பரா ரோத்பாம் குழு, உயரத்தைக் கண்டு பயப்படுவோரிடம் இதைச் சோதித்து 1995-லேயே வெளியிட்டது. திருத்தம் வெளியிடும்போது அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416-ஐயும் சேர்த்துப் போடுங்கள். கட்டணமில்லை, எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

– ஒரு வாசகர்,
நல்லம்பள்ளி, தர்மபுரி மாவட்டம்