செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பள்ளியில் கலை சொல்லிக்கொடுப்பவர்களின் சான்றுகள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, கூத்து, ஓவியம், இசை, சிலம்பம், சுடுமண் என்று எல்லாத் துறையிலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். தணிக்கை முடிந்தது, பதிவாளர் அலுவலகத்துக்குப் போக வேண்டிய தாள்கள் போய்ச் சேர்ந்தன. அதில் நான் சொல்ல வேறொன்றும் இல்லை. இந்த ஆண்டு சங்கத்தின் பொழுது முழுக்க ஒரே விவகாரத்தில் கழிந்தது: பள்ளிக்குள் போகும் கலைஞர் கையில் என்ன சான்று இருக்க வேண்டும்?

இது ஏன் இப்போது பெரிதானது என்பது தெரிந்ததே. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் போலி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) முகாம் நடத்தியவர்கள் மாணவிகளிடம் அத்துமீறிய வழக்கு வெளியே வந்தது. அதற்குப் பிறகு வெளியாள் என்றாலே கடலூர் பக்கமும் புதுச்சேரி பக்கமும் பள்ளிகள் "சர்டிபிகேட் இருக்கா?" என்றுதான் ஆரம்பிக்கின்றன. கேட்பது நியாயம். எந்த சர்டிபிகேட் என்று திருப்பிக் கேட்டால்தான் பதில் வருவதில்லை. ஓரிடத்தில் பட்டம் கேட்கிறார்கள், இன்னோரிடத்தில் போலீஸ் சான்று, மற்றோரிடத்தில் ஏதாவது சீல் வைத்த தாள் இருந்தால் போதும் என்கிறார்கள்.

செயற்குழு இதைப் பிரித்துப் பார்த்தது. பள்ளி தெரிந்துகொள்ள விரும்புவது மூன்று விஷயம். இவருக்குக் கலை தெரியுமா, நாற்பது பிள்ளைகளை வைத்துச் சொல்லிக்கொடுக்கத் தெரியுமா, இவரை நம்பிப் பிள்ளைகளை விடலாமா. ஒரே தாள் இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாது. இங்கிலாந்தில்கூடக் குற்றப் பின்னணி பார்க்கும் டி.பி.எஸ். சரிபார்ப்பு தனி, ஆசிரியர் தகுதி தனி. ஒன்றைக் காட்டி மற்றொன்றும் இருக்கிறது என்று சொல்லிக்கொள்ள நாமும் இடம் கொடுக்கக் கூடாது.

முதலில் கலைத் தகுதி. ஓவியம், தையல், இசைக்காரர்களுக்குப் பாதை பழையது, தெளிவானது. அரசுத் தேர்வுகள் இயக்ககம் நடத்தும் தொழில்நுட்பத் தேர்வில் லோயர் என்னும் கீழ்நிலை, பிறகு ஹையர் என்னும் மேல்நிலை. அதன் பின் கோடை விடுமுறையில் 42 நாள் நடக்கும் தொழிலாசிரியர் சான்றிதழ் பயிற்சி, அதாவது டி.டி.சி. இந்த வரிசையில் கடைசித் தாள் மட்டும்தான் கற்பித்தலைத் தொடுகிறது. லோயரும் ஹையரும் கையில் இருந்தும் டி.டி.சி. முடிக்காமல் நிற்கும் உறுப்பினர்கள் இந்தக் கோடையைத் தவற விட வேண்டாம். 2017இல் ஆசிரியர் தேர்வு வாரியம் ஓவியம், தையல், இசை போன்ற பாடங்களுக்கான 1,325 சிறப்பாசிரியர் இடங்களுக்கு விண்ணப்பம் கேட்டது. அந்த மாதிரி அறிவிப்பு வந்த பிறகு டி.டி.சி.க்கு ஓடினால் நடக்காது.

இசை, நடனத்துக்கு மாவட்ட அரசு இசைப்பள்ளியின் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் நம் கடலூரிலேயே படிக்கலாம். மேலே படிக்க நினைப்பவர்களுக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகமும் அரியாங்குப்பம் பாரதியார் பல்கலைக்கூடமும் பக்கத்திலேயே இருக்கின்றன.

சிக்கல் கூத்துக்காரருக்கும் கைவினைக்காரருக்கும்தான். தெருக்கூத்தில் அர்ச்சுனன் வேஷம் கட்டும் வாத்தியாரிடம் பெரும்பாலும் பல்கலைக்கழகத் தாள் எதுவும் இருப்பதில்லை. வில்லியனூர் சுடுமண்ணுக்கும் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைக்கும் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் குறியீடு பொருளுக்குரியது, செய்கிறவரின் தகுதியைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. இவர்கள் காட்டக்கூடியவை இரண்டு. நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியத்தின் உறுப்பினர் அட்டை ஒன்று. கைவினையானால் மத்தியக் கைவினை மேம்பாட்டு ஆணையர் அலுவலகம் தரும் பெஹ்சான் என்னும் கைவினைஞர் அடையாள அட்டை. இரண்டும் 'இவர் இந்தக் கலையைச் செய்கிறவர்' என்று சொல்கின்றன. அதற்கு மேல் எதுவும் சொல்வதில்லை. மாவட்டக் கலை மன்ற விருதுகளான கலை இளமணி முதல் கலை முதுமணி வரையிலானவற்றையும் இதே கணக்கில்தான் வைக்க வேண்டும்.

பட்டம் இல்லை என்பதற்காகக் கூத்து வாத்தியாரைப் பள்ளி வாசலில் நிறுத்துவதைச் செயற்குழு ஏற்கவில்லை. அவருக்காகத் தாளை வளைக்கவும் தயாராக இல்லை. பள்ளியில் காட்டும் கோப்பில் முதல் பக்கமாக இவற்றை வைக்கச் சொல்லியிருக்கிறோம்: எந்த வாத்தியாரிடம், எந்த ஊரில், எத்தனை ஆண்டு; என்னென்ன வேஷம்; எந்தக் கோயில் திருவிழாக்களில் ஆடியது; கோயில் நிர்வாகமோ ஊராட்சியோ தந்த கடிதம். கூடவே பத்து நிமிடத்துக்கு மிகாத ஒரு வீடியோ. இந்த ஒரு பக்கம் எந்தக் கௌரவ டாக்டர் பட்டத்தையும் விட எடை கூடியது.

டாக்டர் பட்டம் பற்றி ஒரு வார்த்தை. 1956ஆம் ஆண்டின் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) சட்டம் 22ஆம் பிரிவின்படி பட்டம் வழங்கும் அதிகாரம் பல்கலைக்கழகங்களுக்கும் அதற்கென அதிகாரம் பெற்ற நிறுவனங்களுக்கும் மட்டுமே. மண்டபம் வாடகைக்கு எடுத்து, சால்வை போட்டு, பணம் வாங்கிக்கொண்டு தரும் 'கௌரவ டாக்டர்' அந்த வகையில் வராது. ஆயிரம் பேர் சேர்ந்து ஆடியதற்கு ஆளுக்கொன்றாகத் தரும் உலக சாதனைத் தாளும் கற்பிக்கும் தகுதி ஆகாது. சுவரில் மாட்டுவது அவரவர் விருப்பம், பள்ளிக்குக் கொடுக்கும் கோப்பில் வேண்டாம். விசிட்டிங் கார்டில் நான்முகச் சிங்கம் அச்சடிப்பதும் 2005ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அச்சடித்தவர்கள் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

இரண்டாவது, கற்பிக்கும் திறன். தாள் மிகவும் பலவீனமாக இருக்கும் இடம் இதுதான். இவ்வாண்டு மாதிரி வகுப்புகளை உறுப்பினர்களே நோக்கர்களாக உட்கார்ந்து பார்த்துக் குறிப்பெழுதும் முறையைத் தொடங்கினோம். கண்டதில் திரும்பத் திரும்ப வந்த குறை நேரக் கணக்கு. பீரியட் நாற்பது நிமிடம். கலைஞர் கலையின் பெருமையைப் பேசியே பாதியைக் கழித்துவிடுகிறார். பிள்ளை கையில் பொருள் வரும்போது மணி அடிக்க நேரமாகிவிடுகிறது, கழுவ நேரமில்லை, அடுத்த ஆசிரியர் பெஞ்சில் சாயத்தைப் பார்த்துவிட்டுத் தலைமையாசிரியரிடம் போகிறார். அதோடு அந்தக் கலைஞரை மறுபடி கூப்பிடுவதில்லை. ஐந்து நிமிடம் சொல்வது, இருபத்தைந்து நிமிடம் செய்வது, பத்து நிமிடம் கழுவித் துடைப்பது என்று பிரித்தால் சரியாக வருகிறது.

அளவும் முக்கியம். நாற்பது பிள்ளைக்கு ஆளுக்குக் கால் கிலோ என்றால் பத்து கிலோ பிசைந்த மண் வேண்டும். அதை முதல் நாளே பிசைந்து ஈரத்துணி சுற்றி வைக்க வேண்டும். பொம்மையின் உடம்பைக் கட்டியாகவே விட்டால் உள்ளே ஈரம் தங்கிச் சூளையில் வெடிக்கும். கட்டைவிரல் பருமனுக்கு மேல் போனால் உள்ளே குடைந்துவிடச் சொல்லுங்கள். சிலம்பம் வகுப்பறைக்கு ஆகாது. ஐந்தடிக் கம்பும் கை நீளமும் சேர்ந்து சுற்றும் வட்டத்துக்கு நடுவிலிருந்து ஏழடி வேண்டும், ஆக இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே பதினைந்தடி. அறுபதுக்கு முப்பது அடி இடத்தில் ஒரே நேரத்தில் எட்டுப் பேர்தான் சுற்ற முடியும். மற்றவர்கள் கம்பில்லாமல் காலடி போடட்டும். இப்படிக் கணக்குப் போட்டுச் சொல்லத் தெரிந்தவரைப் பார்த்தால் பள்ளி வேறு சான்று கேட்பது குறைகிறது.

பொருள்களில் மூன்றை நோக்கர்கள் கண்டிப்பாகப் பார்க்கிறார்கள். அரிதாரம் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் பழைய மஞ்சள் வண்ணம் ஆர்சனிக் கலந்த கனிமம்; பிள்ளை முகத்தில் படவே கூடாது. முகத்தில் போடலாம் என்று லேபிளில் போட்ட வண்ணத்தை மட்டும் வாங்குங்கள். மைதாப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் காகிதக்கூழ் வேலையில் உண்டு. அது விஷம். பள்ளிக்குப் பசையை அன்றன்றே காய்ச்சி மிச்சத்தைக் கொட்டிவிடலாம். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் இறுகும்போது சூடேறும், அதனால் குழைத்த வாளிக்குள் பிள்ளை கையை விட்டு வைத்திருந்தால் தோல் வெந்துவிடும். கையை அச்செடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

மூன்றாவது, பாதுகாப்பு. காவல் சரிபார்ப்புச் சான்றுக்குத் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வசிக்கும் முகவரிக்குரிய காவல் நிலையம்தான் விசாரிக்கும். கடலூரில் வாடகைக்கு இருந்துகொண்டு ஆதாரில் பண்ருட்டி முகவரி வைத்திருந்தால் அங்கேதான் தடுமாறும், எனவே முகவரியை முதலில் மாற்றிவிடுங்கள். புதுச்சேரிப் பள்ளிக்குப் போகிறவர்கள் எந்தச் சான்று வேண்டும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பதிவான வழக்கு இருக்கிறதா என்பதை மட்டுமே அந்தத் தாள் சொல்கிறது என்பதையும் பள்ளியிடம் மறைக்க வேண்டாம்.

அதனால் ஒவ்வொரு உறுப்பினரும் கையெழுத்திடும் ஒரு பக்க நடத்தை விதியைக் கோப்பில் சேர்த்திருக்கிறோம். பள்ளி ஆசிரியர் ஒருவர் உடனிருக்காமல் வகுப்பு இல்லை. நடனத்தில் முத்திரை, அடவு திருத்தும்போது முதலில் தானே செய்துகாட்ட வேண்டும், தொட்டுத் திருத்துவதானால் பிள்ளையைக் கேட்டுவிட்டு. வேஷம் கட்டும் அறைக்குள் வளர்ந்த ஆண் தனியாகப் போவதில்லை. பிள்ளையின் போன் எண் வாங்குவதில்லை, பள்ளியின் அனுமதியில்லாமல் படம் போடுவதில்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவின்படி அத்தகைய குற்றம் நடந்ததாகத் தெரிந்தவர் காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், மறைத்தால் 21ஆம் பிரிவில் தண்டனை உண்டு. "நான் வெளியாள், எனக்கென்ன" என்பது இங்கே செல்லாது. குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ எல்லோரும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

பள்ளிகளிடம் பேசும்போது நம் பக்க நியாயத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை, 6 முதல் 8 வரையான வகுப்புகளில் நூறு பிள்ளைக்கு மேல் இருந்தால் கலைக்கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் வேண்டும் என்கிறது. அதைத் தொட்டுத்தான் 2012இல் தமிழகத்தில் 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் வாரம் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய் என்று எடுக்கப்பட்டார்கள். அவர்கள் நிரந்தரம் கேட்டுப் பல ஆண்டு போராடியது வேறு கதை. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அந்த வாரியம் 2019இலேயே ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் இரண்டு பீரியட் கலைக்கு ஒதுக்கச் சொல்லியிருக்கிறது. ஆக வேலை இருக்கிறது, கோப்புதான் சரியாக இருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக: பில் கொடுங்கள், பான் எண் போடுங்கள். தொழில்முறைக் கட்டணத்தில் வருமான வரியாகப் பத்து சதவீதம் பிடிப்பார்கள், பான் இல்லையென்றால் இருபது. எந்தத் தொகைக்கு மேல் பிடிப்பது என்று ஆண்டுக்கு 30,000 ரூபாயாக இருந்த வரம்பு 2025 ஏப்ரல் 1 முதல் 50,000 ஆகியிருக்கிறது. பிடித்த வரியைத் திரும்பப் பெற வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும்.

சங்கமே தகுதிச் சான்றிதழ் வழங்கலாம் என்ற கோரிக்கை பலமுறை வந்தது. செயற்குழு மறுத்துவிட்டது. நமக்கு நாமே சான்று கொடுத்துக்கொண்டால் சால்வைக்காரர்களுக்கும் நமக்கும் வித்தியாசம் இருக்காது. அதற்குப் பதில் வகுப்பைப் பார்த்த இரண்டு உறுப்பினர்கள் கையெழுத்திட்ட நோக்கர் குறிப்பு மட்டும் தரப்படும். அதில் தேதி, வகுப்பு, என்ன சொல்லிக்கொடுத்தார், எங்கே குறை என்பது இருக்கும். குறையை நீக்கிவிட்டு எழுதித் தரச் சொல்ல வேண்டாம். ஒரே குடும்பத்தாரோ ஒரே கூத்துச் செட்டைச் சேர்ந்தவர்களோ ஒருவருக்கொருவர் நோக்கராக இருக்க முடியாது.

கோப்புகளில் கண்ட பொதுவான பிழை பெயர்தான். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், நலவாரிய அட்டையில் மேடைப்பெயர். சான்றுகளின் உண்மைத்தன்மை கேட்டு அனுப்பும்போது மூன்றும் மூன்று ஆள் ஆகிவிடுகின்றன. ஆதாரை அடிப்படையாக வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். அசல் சான்றிதழை லேமினேட் செய்யாதீர்கள், பின்னால் முத்திரை வைக்க இடமிருக்காது. அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், கையெழுத்திட்ட நகல் போதும்.

பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு இரண்டு தீர்மானங்களை வைக்கிறேன். நோக்கர் குறிப்பு இரண்டு ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதிய வகுப்பைப் பார்த்தே புதுப்பிக்கப்படும். நடத்தை விதியில் கையெழுத்திடாதவர் பெயரைப் பள்ளிகளுக்குச் சங்கம் அனுப்பாது. ஜூனில் பள்ளி திறப்பதற்குள் கோப்பு சரிபார்க்க வருகிறவர்கள் அசலோடு இரண்டு நகலும், முகவரி மாறியிருந்தால் அதற்கான ஆதாரமும் எடுத்து வாருங்கள்.

நன்றி.

இப்படிக்கு,
செயலாளர்
கடலூர்