போகிற வழியையும் எழுதுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் இதழில் கோடை விடுமுறையை ஒட்டி வந்த சுற்றுலாப் பக்கங்களைப் படித்தேன். ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, குற்றாலம் என்று எல்லா ஊர்களுக்கும் தங்குமிடம், சாப்பாடு, கட்டணம் எல்லாம் விவரமாகக் கொடுத்திருக்கிறீர்கள். குடும்பத்தோடு கிளம்புகிறவர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் போகிற வழியில் என்ன இருக்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. ஐந்தாறு மணி நேரம் காரில் உட்கார்ந்து போகிறோம். அந்த நேரத்தில் கண்ணில் படுவது சுங்கச்சாவடியும் சாலையோர உணவகமும் மட்டும்தானா என்ற ஆதங்கத்தில் இதை எழுதுகிறேன்.

திருச்சி - சென்னை நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் எத்தனை ஆயிரம் வண்டிகள் போகின்றன! சிறுகனூர், பாடாலூர் பக்கம் கிழக்கே திரும்பிக் கிராமத்துச் சாலைகளில் போனால் சாத்தனூர் வருகிறது. அங்கே ஓர் ஓடையில் 18 மீட்டருக்கும் மேல் நீளமான ஒரு மரம் கல்லாகிக் கிடக்கிறது. வயது ஏறக்குறைய 12 கோடி ஆண்டு. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940-இல் இதைப் பற்றி உலகுக்குத் தெரிவித்தார். இப்போது தேசியப் புவியியல் சின்னமாக வேலி போட்டுப் பாதுகாக்கிறார்கள்.

கிட்டப் போய்ப் பார்த்தால்தான் அதன் அருமை தெரியும். பார்வைக்கு அது மரமேதான். நார் ஓடியிருக்கிற விதம், நிறம், வெடிப்பு எல்லாம் வெட்டிப் போட்டு நாளான மரம் போலவே இருக்கும். கையை வைத்தால் கருங்கல்லின் குளிர்ச்சி. அந்தக் காலத்தில் கடல் இந்தப் பக்கம் வரை வந்திருந்தது. ஆறு அடித்துக்கொண்டு வந்த மரம், சிப்பியும் சங்கும் கிடந்த கடலடி மணலில் புதைந்திருக்கிறது. நீரில் கரைந்திருந்த சிலிக்கா என்ற கனிமப் பொருள் மரத்துக்குள் ஊறி, மரம் மட்க மட்க அந்த இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. பூக்கிற மரங்கள் பூமியில் பெருகுவதற்கு முந்தைய காலத்து இனம் அது. அரியலூர் சிமென்ட் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போகிறதே சுண்ணாம்புக்கல், அதுவும் அந்தக் கடல் விட்டுப் போனதுதான். நம் வீட்டுச் சுவரில் பூசியிருக்கும் சிமென்டுக்கும் அந்த மரத்துக்கும் இருக்கும் இந்த உறவைச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் ஆசையாகக் கேட்காது? ஆனால் நெடுஞ்சாலையில் போகிற ஒருவர், இந்தத் திருப்பத்தில் திரும்பலாமே என்று நினைக்கிற மாதிரி கண்ணில் படுகிற பலகை வேண்டாமா?

இதே சாலையில் இன்னும் வடக்கே போனால், திண்டிவனம் - புதுச்சேரி வழியில் திருவக்கரைக்குப் பிரிகிறது. பௌர்ணமி என்றால் வக்கிரகாளியம்மனைப் பார்க்க அங்கே கூட்டம் அலைமோதும். கோயிலுக்குக் கிழக்கே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் கல்மரப் பூங்கா. ஒன்றல்ல, இருநூறு மரங்கள் வரை கல்லாகிக் கிடக்கின்றன. இவை சாத்தனூர் மரத்தைவிட வயதில் மிகவும் இளையவை, 2 கோடி ஆண்டு. வேரோ கிளையோ இலையோ எதிலும் இல்லை. அதனால்தான் வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்ட மரங்கள் என்கிறார்கள். சிலவற்றில் ஆண்டு வளையங்களை இன்றும் பார்க்கலாம். நம் புளியமரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவைகூட இருக்கின்றன. சொனெரா என்ற ஐரோப்பிய இயற்கையாளர் 1781-லேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார். இத்தனை காலமாகியும், கோயிலுக்கு வந்துவிட்டு பக்கத்தில் இப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாமல் ஊருக்குத் திரும்புகிறவர்களைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது.

எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கத்துக்கு வருகிறேன். மல்லிப்பட்டினத்துக்கு அருகே, சரபேந்திரராஜன்பட்டினத்தில் கடலோரம் மனோரா என்ற கோபுரம் நிற்கிறது. அறுகோண வடிவம், எட்டு அடுக்கு, சுற்றிலும் மதிலும் அகழியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பழைய கலங்கரை விளக்கம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். அது எதற்காகக் கட்டியது தெரியுமா? நெப்போலியன் தோற்றதைக் கொண்டாட! ஐரோப்பாவில் நடந்த போருக்குப் பாக் நீரிணைக் கரையில் ஒரு வெற்றித் தூண். எழுப்பியவர் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி.

வாட்டர்லூ வெற்றிக்காகக் கட்டியது என்று பலரும் எழுதுகிறார்கள். ஆனால் கல்வெட்டில் இருப்பது, ஆங்கிலேயர் படைகளின் வெற்றியையும் போனபார்ட்டின் வீழ்ச்சியையும் நினைவுகூர எழுப்பியது என்ற செய்தியும் 1814 என்ற ஆண்டும். வாட்டர்லூ நடந்தது 1815 ஜூனில். அதற்கு முந்தைய ஆண்டு நெப்போலியன் முடிதுறந்து எல்பா தீவுக்கு அனுப்பப்பட்டாரே, அந்த வீழ்ச்சியைத்தான் கல்வெட்டு சொல்கிறது என்பது என் கருத்து. அப்புறம் இன்னொன்று. கப்பலில் சேதி வந்து சேரவே மாதக்கணக்கில் ஆன காலம் அது. அப்படியும் எங்கோ நடந்த போருக்கு இங்கே தூண் எதற்கு என்றால், 1799-லேயே நாட்டின் நிர்வாகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்ட மன்னர், ஆங்கிலேயருக்கு நண்பர் என்று காட்டிக்கொள்ள வேண்டிய நிலையில் இருந்தார். சரஸ்வதி மகால் நூலகத்துக்கு உலகமெங்குமிருந்து புத்தகம் வாங்கிச் சேர்த்த அதே சரபோஜிதான் இதையும் கட்டினார். இதை ஒரு பிள்ளைக்கு அந்தத் தூணின் அடியில் நிற்க வைத்துச் சொல்லிப் பாருங்கள், வரலாற்றுப் பாடம் வேறு மாதிரி மனதில் நிற்கும். 2004 சுனாமியில் இது சேதப்பட்டு, பிறகு சீர்செய்யப்பட்டது.

அங்கிருந்து மேற்கே பேராவூரணி தாண்டிக் கீரமங்கலம் பக்கம் போனால் குளமங்கலம். வில்லுனி ஆற்றங்கரையில் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில். வாசலில் முன்னங்கால்களைத் தூக்கிப் பாய்கிற ஒரு குதிரை, 33 அடி உயரம். மாசி மகத்தன்று பக்தர்கள் வேன்களிலும் டிராக்டர்களிலும் காகிதப்பூ மாலைகளைக் கொண்டுவந்து சாத்துவார்கள். ஒரு மாலையே குதிரையின் உயரத்துக்கு இருக்கும். ஆள் மேலே ஏறிக் கயிறு கட்டி இழுத்துத்தான் கழுத்தில் போட வேண்டும். நேரம் ஆக ஆகக் குதிரையின் உடம்பே தெரியாமல் வண்ணக் காகிதம் மூடிவிடும். பார்க்க வேண்டிய காட்சி அது.

பெரிதாக இருப்பவை எப்படியோ தப்பித்துக்கொள்ளும். எனக்குக் கவலையெல்லாம் சுமைதாங்கிக் கற்களைப் பற்றித்தான். இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் படுக்க வைத்திருப்பார்கள். தலைச்சுமையோடு நடந்து வருகிறவர், இன்னொருவர் கைகொடுக்காமலே சுமையை இறக்கவும் மறுபடி ஏற்றிக்கொள்ளவும் தோதான உயரம். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் பாரம் குறையட்டும் என்று அவள் வீட்டார் வழியோரத்தில் நட்டு வைத்தவை அவை. சிலவற்றில் அந்தப் பெண்ணின் பெயரும் வெட்டியிருக்கும். காவேரிப்பாக்கம் பக்கம் ஓர் ஊருக்கே சுமைதாங்கி என்றுதான் பெயர். இந்தக் கற்களுக்கு வேலி கிடையாது, காவல் கிடையாது. சாலையை அகலப்படுத்த வரும் இயந்திரத்துக்கு அது வெறும் கல். எங்கள் பக்கத்துச் சாலை ஒன்றில் இருந்த சுமைதாங்கி அப்படித்தான் போனது. அதன் படுக்கைக் கல்லைப் பிறகு ஒரு வாய்க்கால் மேல் நடைபாலமாகப் பார்த்தேன். சாலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. பத்தடி தள்ளி நட்டுவிட்டுப் போக ஒரு மணி நேரம் போதும். அளவெடுக்கும்போதே ஊர்க்காரர்களிடம் கேட்டு, இருக்கிற கற்களைக் குறித்துக்கொள்ள வேண்டும் என்று விதி செய்தால் என்ன?

நெடுஞ்சாலைத் துறைக்கும் சுற்றுலாத் துறைக்கும் தங்கள் இதழ் வழியாக ஒரு வேண்டுகோள். சுற்றுலா இடங்களுக்கு வழிகாட்டும் பழுப்பு நிறப் பலகை வைக்கும்போது ஊர்ப் பெயரும் தூரமும் மட்டும் போதாது. ‘12 கோடி ஆண்டு பழைய கல்மரம்’, ‘நெப்போலியன் தோல்விக்கு எழுப்பிய தூண்’ என்று தமிழில் ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரிதான் வண்டியைத் திருப்ப வைக்கும். பலகையையும் திருப்பத்துக்கு நன்றாக முன்னாலேயே வையுங்கள். 100 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் படித்து, வீட்டாரிடம் கேட்டு, முடிவெடுக்க வேண்டும் அல்லவா? போகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கல்மரத்தில் ஒரு துண்டுகூடப் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். ஆளுக்கு ஒரு சில்லு எடுத்தால் மரமே மிஞ்சாது.

தங்களிடம் கேட்பது, மாதம் ஒரு சாலை என்று எடுத்துக்கொண்டு, அந்த வழியில் இருப்பவற்றை அந்தந்த ஊர் வாசகர்களையே எழுதச் சொல்லுங்கள். எங்கே திரும்ப வேண்டும், சாலை எப்படி, கார் போகுமா, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்பதெல்லாம் உள்ளூர்க்காரருக்குத்தான் தெரியும். பட்டுக்கோட்டையிலிருந்து கீரமங்கலம் வரை நான் எழுதித் தருகிறேன். படங்களும் எடுத்து வைத்திருக்கிறேன். தைக்குள் வெளியிட்டால், மாசி மகத்துக்குக் குளமங்கலம் போக நினைக்கிறவர்களுக்கு வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
பட்டுக்கோட்டை.