ரோஹிங்கியா பிள்ளைகளின் படிப்பு

ஆசிரியருக்கு,

மியான்மரிலிருந்து தப்பி வந்து காக்ஸ் பஜார் அகதி முகாம்களில் உள்ள ரோஹிங்கியா பிள்ளைகளுக்கு வங்கதேச அரசு தன் பாடத்திட்டத்தைத் தரவே இல்லை. யுனிசெஃப் போன்ற அமைப்புகள் பேசிப் பேசி 2020 ஜனவரியில் மியான்மர் பாடத்திட்டத்துக்குச் சம்மதம் வாங்கின, வகுப்பு தொடங்கவே அடுத்த வருடக் கடைசி ஆகிவிட்டது. சரி, அதுவாவது நிலைக்கும் என்று பார்த்தால், 2025-இல் நன்கொடை நாடுகள் பணத்தைக் குறைத்ததும் கற்றல் மையங்கள் மூடப்பட்டு, சின்னப் பிள்ளைகள்தான் முதலில் வெளியே நின்றார்கள். இது கொடுமை.

உகாண்டாவும் 2018-இல் வெளி அமைப்புகளின் துணையோடுதான் அகதிகளுக்கான கல்வித் திட்டம் போட்டது, ஆனால் அதை அறிவித்தது கல்வி அமைச்சகம், உள்ளூர்ப் பிள்ளைகளும் அதில் உண்டு. அங்கேயும் பணத் தட்டுப்பாடுதான். ஆனாலும் பொறுப்பு அரசுடையது. யுனிசெஃப் டாக்காவிடம் இதைத்தான் விடாமல் கேட்க வேண்டும்.