காரில் வீட்டுப் பாட்டு
ஐயா,

வீட்டு நாஸ் பெட்டியிலுள்ள (வீட்டு நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) பாடல்களைக் காரில் கேட்க, ரௌட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்தால் போதும் என்று பலரும் நினைக்கிறார்கள். பல இணைப்புகளில் ஒரே பொது ஐபி முகவரியைப் (இணையத்தில் தெரியும் முகவரி) பல வீடுகள் பகிர்வதால் அது பலிக்காது. பெட்டியில் பாடல்களை அனுப்பும் நேவிட்ரோம் மென்பொருளையும், பெட்டியிலும் போனிலும் இரண்டையும் தனிப் பாதையில் இணைக்கும் டெயில்ஸ்கேலையும் நிறுவுங்கள். போர்ட்டே திறக்க வேண்டாம்.

தரம் குறையாத ஃபிளாக் பாடல் கோப்பை அப்படியே அனுப்பினால் மணிக்குச் சுமார் 400 எம்பி கரையும். மொபைல் டேட்டாவில் மட்டும் 128 கேபிபிஎஸ் ஓபஸாக (அளவு குறைந்த ஒலி வடிவம்) மாற்றி அனுப்பும்படி போனில் பாட்டுக் கேட்கும் செயலியில் குறித்தால் 58 எம்பிதான். புளூடூத் எப்படியும் ஒலியைச் சுருக்கித்தான் ஸ்டீரியோவுக்குத் தரும். டயர் இரைச்சலில் யாருக்கு வித்தியாசம் தெரியப்போகிறது?

மலைப்பாதையில் சிக்னல் அறுந்தால் பாட்டு நின்றுவிடும். கிளம்பும் முன்பே வீட்டு வைஃபையில் பட்டியலைப் போனில் இறக்கிக்கொள்ளுங்கள். பேட்டரி சேமிப்பிலிருந்து டெயில்ஸ்கேலுக்கு விலக்கு கொடுங்கள். இல்லாவிட்டால் திரை அணைந்ததும் இணைப்பு துண்டிக்கப்படலாம்.

– வாசகர், ஈரோடு