நாய்க்கடிக்கு ஒரு ஊசி போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நம் பத்திரிகையில் நாய்க்கடிச் செய்தி அடிக்கடி வருகிறது. எல்லாமே ‘அரசு மருத்துவமனையில் ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பினர்’ என்று முடிந்துவிடுகிறது. அங்கேதான் எனக்குக் குறை. எங்கள் தெருவில் பீடி சுற்றும் அக்கா ஒருவரின் மகனைப் போன மாதம் தெருநாய் கெண்டைக்காலில் கடித்தது. முதல் ஊசிக்கு ஆட்டோ பிடித்து ஓடினார்கள், அடுத்ததும் ஆயிற்று. அப்புறம், “புண்ணுதான் ஆறிட்டுல்லா, வெட்டுன இலை அப்படியே கெடக்கு, கூலிய விட்டுட்டு எங்க போவ?” என்று சீட்டை அலமாரியில் செருகிவிட்டார். பிறகு நாங்கள்தான் இழுத்துக்கொண்டு போனோம்.

புண் ஆறுவதற்கும் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய்க்கும் சம்பந்தமே கிடையாது. அதை உண்டாக்கும் வைரஸ் நரம்பு வழியாக மூளையை நோக்கி மெதுவாக ஏறும், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் எடுக்கும், அந்த அவகாசம் இருப்பதால்தான் கடித்த பிறகு ஊசி போட்டும் தப்பிக்க முடிகிறது. அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ், அதனால் நோய் வராது. அதை அடையாளம் பிடித்து, வைரஸை முடக்கும் எதிர்ப்பொருளைத் தயாரிக்க உடம்புக்கு ஒன்றிரண்டு வாரம் ஆகும். அதுவரை தாக்குப்பிடிக்கத்தான் ரத்தம் வந்த கடிக்குத் தயாரான எதிர்ப்பொருளை, அதாவது இம்யூனோகுளோபுலினை, காயத்தைச் சுற்றியே போடுகிறார்கள். அது நாளாக நாளாகக் கரைந்துவிடும். அதற்குள் உடம்பு சொந்தமாகத் தயாரித்தாக வேண்டும், அந்த வைரஸை நினைவில் வைக்கும் செல்களும் உருவாக வேண்டும். மிச்ச ஊசிகள் அதற்குத்தான். முழுசாகப் போட்டவரைப் பிற்பாடு மறுபடியும் நாய் கடித்தால் இரண்டு தடவை போட்டாலே போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.

தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று இன்னும் பயப்படுகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். ஆட்டு மூளையில் தயாரித்த அந்த மருந்தை நிறுத்தி 20 வருஷம் ஆகிறது. மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு அப்புவதும் வேண்டாம். கடித்த உடனே குழாயைத் திறந்துவிட்டு 15 நிமிஷம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும், அந்த வைரஸின் மேலுறை கொழுப்பு என்பதால் சோப்பில் கரையும்.

ஆகவே, இனி நாய்க்கடிச் செய்தி போடும்போது கீழே இரண்டு வரி சேருங்கள்: முதல் ஊசியை அன்றைக்கே போட வேண்டும், அதிலிருந்து 3, 7, 28-ஆம் நாள் மறுபடியும் போக வேண்டும், தசையில் போடுகிற ஊசி என்றால் 14-ஆம் நாளும் உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் இதற்குக் காசு கிடையாது என்பதையும் போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், முக்கூடல்