பாப்பாவுக்கு, மாப்ள விசா விஷயமா

பாப்பா,

பிரான்ஸ்ல லியோன் ஊர விட்டுட்டு கும்பகோணத்துலயே வந்து இருக்கலாம்னு பாக்குறோம்னு நீ நேத்து போன்ல சொன்னதும் உங்கம்மா அழுதுட்டா, நான் போன வச்சுட்டு நேரா பீரோவ தொறந்து உன் ஃபைல எடுத்து உக்காந்துட்டேன். ஆனா "முதல்ல டூரிஸ்ட் விசால வந்துடுறோம்பா, மிச்சத்த அங்க பாத்துக்கலாம்"னு சொன்னியே, அது வேணாம்மா. அதுல ஒரு வருஷத்துக்கு 180 நாளுக்கு மேல இருக்க முடியாது. குடும்பம் நடத்த வர்ற பிள்ளை நாள எண்ணிக்கிட்டு இருக்கக்கூடாது.

போன பொங்கலுக்கு வந்தப்ப என்ன ஆச்சுன்னு மறந்துட்டியா? வெளிநாட்டுக்காரங்க நம்ம வீட்ல தங்குனா வீட்டுக்காரங்க 24 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல பதியணும்னு எனக்கு யாருமே சொல்லல, ஒன்பதாவது நாள் போலீஸ்காரர் வாசல்ல வந்து நின்னாரு, தெருவே எட்டிப் பாக்குது, மாப்ள பாவம் கையில காபி டம்ளரோட நான் என்ன தப்பு பண்ணேன்னு கேக்குற மாதிரி என்னையே பாத்தாரு. அந்த முகம் இன்னும் என் கண்ணுலயே நிக்குது. இந்த தடவ நீங்க வந்து இறங்குன அன்னைக்கே நானே பதிஞ்சுடுவேன்.

அவருக்கு எடுக்க வேண்டியது என்ட்ரி விசா, எக்ஸ் விசான்னு சொல்றாங்களே அது. நீ இன்னும் இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கறதால உன் வீட்டுக்காரர்ங்கற முறையில அவருக்கு கிடைக்கும், அஞ்சு வருஷம் வரைக்கும் கூட கொடுப்பாங்க. 180 நாளுக்கு மேல உள்ள விசான்னா வந்து 14 நாளுக்குள்ள எஃப்ஆர்ஆர்ஓல, அதான் வெளிநாட்டுக்காரங்கள பதியுற அரசாங்க ஆபீஸ்ல, ரிஜிஸ்டர் பண்ணணும், அதுவும் இப்ப ஆன்லைன் தான்.

ஓசிஐ கார்டுக்கு, அதான் இந்தியர கட்டிக்கிட்ட வெளிநாட்டுக்காரங்களுக்கும் இந்திய வம்சாவளிக்காரங்களுக்கும் நம்ம அரசாங்கம் குடுக்குற அட்டைக்கு, இப்பவே போட்டுடலாமேன்னு மாப்ள கேட்டாராமே, இப்ப முடியாது. கல்யாணம் ரிஜிஸ்டர் ஆகி விடாம ரெண்டு வருஷம் முடிஞ்சிருக்கணும். நம்ம தை மாசம் கோயில்ல தாலி கட்டுனத கணக்குல எடுத்துக்க மாட்டாங்க, நீங்க ஆவணில அங்க முனிசிபாலிட்டில கையெழுத்து போட்டீங்களே அந்த தேதி தான் கணக்கு. அதுவரைக்கும் எக்ஸ் விசா, அப்புறம் ஓசிஐ, இது தான் எனக்கு சரியா படுது. ஓசிஐ வந்துட்டா ஆயுசுக்கும் விசா கவலை இல்ல, எஃப்ஆர்ஆர்ஓ பதிவும் வேணாம், ஓட்டு மட்டும் போட முடியாது. விவசாய நிலமும் அவர் பேர்ல வாங்க முடியாது, அதனால ஆத்தோரம் இருக்கற அரை ஏக்கர உன் பேர்ல மட்டும் எழுதுறேன், அவர ஒதுக்கி வைக்கறோம்னு நினைச்சுடப் போறாரு, நீ பக்குவமா சொல்லு.

இன்னொண்ணு, எழுத கை வரல, ஆனா அப்பா சொல்லாம யார் சொல்வா. இப்படி கல்யாணத்த வச்சு வாங்குற ஓசிஐ, அந்த கல்யாணம் சட்டப்படி முறிஞ்சா போயிடும். உங்களுக்கு அப்படி ஒரு நாள் வரவே வராது, இருந்தாலும் ஊர விட்டு வர்ற பிள்ளை எத நம்பி வர்றோம்னு முழுசா தெரிஞ்சு வரணும். மறைக்காம சொல்லிடும்மா.

அப்புறம் பேரு. ராத்திரி லென்ஸ் வச்சு பாத்தேன். உன் பாஸ்போர்ட்ல என் பேரு முழுசா சர்நேம் எடத்துல இருக்கு, அந்த ஊர் கல்யாண சர்டிஃபிகேட்ல அதே பேர்ல ஒரு எச் காணோம். நமக்கு இனிஷியல் தான பேரு, ஃபாரம் பாக்கறவங்களுக்கு அது புரியாது, ரெண்டும் வேற வேற ஆளுன்னு நினைச்சுட்டா அலைச்சல் தான். அத திருத்தி வாங்குன பிறகு தான் அப்போஸ்டில் (சர்டிஃபிகேட் நிஜந்தான்னு அந்த நாட்டு அரசாங்கம் வைக்கிற முத்திரை), இங்கிலீஷ் ட்ரான்ஸ்லேஷன் எல்லாம், மாத்தி பண்ணிடாத.

ஃபோட்டோ எடுத்து அந்த எழுத்து வர்ற எடத்துல வட்டம் போட்டு வாட்ஸ்அப்ல அனுப்பியிருக்கேன், இந்த வாரமே போய் கேளு. அம்மா அதுக்குள்ள மாடி ரூமுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லிட்டா.

அப்பா